பேரனிடம் பேசப் படித்த ஜப்பானியம்

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், பி-பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற அஞ்சல்துறை ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை. அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகளின்படி இங்கே தரப்படுகிறது.)



இந்த ஹாலில் நாம் வழக்கமாகப் பேசுவது தண்ணீர் லாரி, லிஃப்ட், பார்க்கிங் இந்த மூன்றைத்தான். இன்றைக்கு அரை மணி நேரம் வேறு விஷயம் பேசலாம் என்று செயலாளர் சொன்னார். "நீங்கள் வீட்டிலேயே ஜப்பானியம் படித்ததைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். நான் பெரிய பண்டிதை இல்லை. ஐந்து நிலைகள் உள்ள தேர்வில் கடைசி நிலையைத்தான் தேறியிருக்கிறேன். அதிலும் முதல் முறை ஃபெயில். ஆனாலும் அறுபது வயதுக்கு மேல் ஒரு பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு மொழியை எப்படிப் படிக்கலாம், எங்கே தடுக்கி விழுவோம் என்று சொல்ல முடியும். நம் குடியிருப்பில் நாலைந்து பிள்ளைகள் இப்போது ஜப்பானியம் படிக்க யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். உங்களுக்கு உதவும் என்றுதான் வந்தேன்.

ஏன் ஆரம்பித்தேன்

என் மகள் நகோயாவில் இருக்கிறாள். அவளுடைய இரண்டாவது பிரசவத்துக்காக நான் அங்கே போயிருந்தேன். மூத்த பேரனுக்கு அப்போது நாலு வயது. காலையில் ஹொய்குஎன் என்கிற குழந்தைகள் காப்பகத்துக்குப் போனால் சாயங்காலம்தான் வருவான். நாள் முழுக்க அவன் காதில் விழுவது ஜப்பானியம். "வா", "சாப்பிடு", "தூங்கு" என்று நான் தமிழில் சொன்னால் புரியும். பதில் மட்டும் ஜப்பானியத்தில் வரும். அம்மா பக்கத்தில் இருந்தால் மொழிபெயர்ப்பாள்.

மகளை மருத்துவமனையில் சேர்த்த அன்று இரவு, மாப்பிள்ளையும் அங்கேயே இருந்துவிட்டார். வீட்டில் நானும் அவனும் மட்டும். பத்து மணி இருக்கும், எழுந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். "பொம்பொன் இதய், பொம்பொன் இதய்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் ஏதோ பொம்மை கேட்கிறான் என்று நினைத்தேன். அவனிடம் ஒரு சின்ன டிரம் இருந்தது, அதை எடுத்துக் கொடுத்தேன். தள்ளிவிட்டான். பிஸ்கட் கொடுத்தேன். இன்னும் அதிகமாக அழுதான். அரை மணி நேரம் கழித்து வாந்தி எடுத்தான். பிறகு அப்படியே என் மடியில் தூங்கிவிட்டான். மறுநாள் சரியாகிவிட்டது, ஒன்றும் பெரிதாக இல்லை.

"பொம்பொன்" என்றால் குழந்தைகள் பாஷையில் வயிறு. "இதய்" என்றால் வலிக்கிறது. "வயிறு வலிக்குது, வயிறு வலிக்குது" என்று அந்தக் குழந்தை தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறான். நான் டிரம்மைக் கையில் கொடுத்திருக்கிறேன். மகள் வீட்டுக்கு வந்ததும் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். ஆனால் ஊருக்குத் திரும்பும் விமானத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம், நானும் சொல்கிறேன். ஆனால் வலி வந்தால் வாயில் வருவது எந்த மொழியோ, அந்த மொழி பாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

எந்தப் புத்தகம்

ஊருக்கு வந்ததும் விசாரித்தேன். வகுப்புக்குப் போக எனக்கு முழங்கால் இடம் தரவில்லை. வீட்டிலேயே படிக்க முடிவு செய்தேன். இரண்டு புத்தக வரிசைகளைப் பலரும் சொன்னார்கள். ஒன்று "கெங்கி". ஜப்பான் டைம்ஸ் வெளியீடு, முதலில் 1999-இல் வந்தது, மூன்றாம் பதிப்பு 2020-இல் வந்தது. இரண்டு பாகம், 23 பாடம். இலக்கண விளக்கம் ஆங்கிலத்தில் அதே புத்தகத்துக்குள்ளேயே இருக்கும். கல்லூரி மாணவர்களை வைத்து எழுதப்பட்டது.

இன்னொன்று "மின்னா நொ நிஹொங்கொ". எல்லோருக்குமான ஜப்பானியம் என்று பொருள். ஸ்ரீ ஏ நெட்வொர்க் என்ற பதிப்பகம் 1998-இல் வெளியிட்டது. அந்த மூன்று ஏ எதைக் குறிக்கிறது தெரியுமா? ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா. அந்த நாடுகளிலிருந்து ஜப்பானுக்கு வேலைக்கும் பயிற்சிக்கும் போகிறவர்களை மனதில் வைத்து வளர்ந்த வரிசை இது. தொடக்க நிலைக்கு இரண்டு பாகம், ஒவ்வொன்றிலும் 25 பாடம், மொத்தம் 50. முதல் 25 முடித்தால் என்5 தேர்வுக்கும், 50-உம் முடித்தால் என்4 தேர்வுக்கும் ஏறத்தாழத் தயார் என்பது பொதுவான கணக்கு.

நான் எடுத்தது இதைத்தான். ஒரே காரணம், ஏ-பிளாக் தம்பி ஒருவரிடம் இந்தப் புத்தகம் இருந்தது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதை வாங்கப் போகிறவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். முதன்மைப் புத்தகம் முழுக்க ஜப்பானியத்தில்தான் இருக்கும். விளக்கம் ஒரு வரி கிடையாது. சொற்பொருளும் இலக்கணக் குறிப்பும் வேண்டுமென்றால், ஆங்கிலத்தில் தனியாக ஒரு துணைநூல் உண்டு, அதையும் சேர்த்து வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு "ஒன்றுமே புரியவில்லை" என்று மூலையில் போட்டவர்கள் உண்டு. இது வகுப்பறைக்காக எழுதிய புத்தகம். ஆசிரியர் இல்லாமல் படிக்கிறவருக்கு அந்தத் துணைநூல்தான் ஆசிரியர்.

முதல் பாடத்தில் மைக் மில்லர் என்ற அமெரிக்கர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். குப்தா என்று ஒரு இந்தியரும் வருவார். கடைசி வரை இந்த மில்லர், சாந்தோஸ், யமதா இவர்கள்தான் நமக்குத் துணை. மில்லர் ரயிலில் போவார், சாமான் வாங்குவார், பேச்சுப் போட்டிக்குப் போவார். சீரியல் பார்ப்பது போலப் பழகிவிடும்.

எழுத்து முதலில்

புத்தகத்தைத் திறக்கும் முன் ஹிரகானா, கதகானா இரண்டையும் படித்துவிடுங்கள். ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்து 46. எனக்கு மூன்று வாரம் ஆனது. பழைய கோடுபோட்ட நோட்டில் ஒரு நாளைக்கு ஐந்து எழுத்து எழுதினேன்.

நமக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. அவர்களுடைய எழுத்து வரிசை க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று போகும். கேட்ட மாதிரி இருக்கிறதா? அந்த ஹ ஒரு காலத்தில் ப-வாக இருந்தது. க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. நம் வரிசையில் அவர்களிடம் இல்லாத எழுத்துகளை எடுத்துவிட்டால் அதேதான். பௌத்தத்தோடு போன சமஸ்கிருத எழுத்து முறையின் செல்வாக்கில் அந்த வரிசை அமைந்தது. அதனால் ஜப்பானிய அகராதியைப் புரட்டுவது நமக்குச் சுலபம்.

வசதி இருக்கிற இடத்திலேயே ஒரு பள்ளமும் இருக்கிறது. ஜப்பானியச் சொல்லைத் தமிழில் எழுதிப் படிக்காதீர்கள். இங்கே நீங்கள் வாசிக்க வேண்டும் என்பதால் நான் தமிழில் எழுதுகிறேன். ஆனால் நோட்டில் அப்படி எழுதி நான் கெட்டுப்போனேன். நமக்கு க ஒன்றுதான். சொல்லின் நடுவில் வந்தால் தானாக மெலிந்து ஒலிக்கும். அவர்களுக்கு அழுத்தமான க வேறு, மெலிந்த க வேறு. மெலிந்ததற்கு எழுத்தின் மேல் இரண்டு சின்னக் கோடு போடுவார்கள். அழுத்தி "ககி" என்றால் ஒரு பழம். மெலித்து "ககி" என்றால் சாவி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. "சாவியைக் காணோம்" என்று சொல்லப்போய்ப் பழத்தைத் தேட வேண்டியதுதான்.

குறில் நெடில், ஒற்று மிகுதல் இதெல்லாம் மட்டும் நமக்குப் பால் குடித்த பழக்கம். "கிதெ" என்றால் "வந்து". "கித்தெ" என்றால் தபால்தலை. முப்பத்தைந்து வருடம் தபால்தலை விற்றவள் நான், அந்தச் சொல் உடனே ஒட்டிக்கொண்டது. "ஒபசன்" என்றால் அத்தை, சித்தி வயதுப் பெண்மணி. "ஒபாசன்" என்றால் பாட்டி. ஒரு மாத்திரை நீட்டினால் இருபது வயது கூடிவிடும்.

தமிழ் தெரிந்தவருக்கு என்ன லாபம்

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். துணைநூல் ஆங்கிலத்தில் இருப்பதால் நாம் ஜப்பானியத்தை ஆங்கிலத்தின் வழியாகப் படிக்கிறோம். அது சென்னைக்குப் போக டெல்லி வழியாகச் சுற்றுகிற மாதிரி. நேராகத் தமிழில் யோசியுங்கள்.

வினை கடைசியில் வரும். உருபு பெயருக்குப் பின்னால் வரும். கேள்விக்கு நாம் கடைசியில் ஆ போடுவது போல அவர்கள் க போடுவார்கள். "மொ" என்றால் நம் உம். "வதஷி மொ" என்றால் நானும். "தரெ" என்றால் யார். "தரெமொ" என்று சொல்லி வினையை எதிர்மறையாக்கினால், யாரும் இல்லை. ஆங்கிலப் புத்தகம் இதற்கு ஒரு பத்தி எழுதும். நமக்கு ஒரு வரி போதும்.

இரண்டாம் பாடத்திலும் மூன்றாம் பாடத்திலும் சுட்டுச் சொற்கள் வரும். கொரெ, ஸொரெ, அரெ, தொரெ. பக்கத்தில் இருப்பது, கேட்கிறவர் பக்கம் இருப்பது, இருவருக்கும் தள்ளி இருப்பது, கேள்வி. ஆங்கிலத்தில் இரண்டு சுட்டுதான் என்பதால் அவர்கள் திணறுவார்கள். நாம் பள்ளிக்கூடத்தில் அ, இ, உ மூன்றும் சுட்டு என்று படித்தோமே! இது, உது, அது, எது. தமிழ்நாட்டில் உது வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத் தமிழில் இன்றும் உண்டு. எப்போதோ படித்த சுட்டெழுத்து அறுபத்திரண்டு வயதில் உதவிக்கு வந்தது.

பதினான்காம் பாடம்தான் பலர் புத்தகத்தை மூடும் இடம். அங்கே "தெ வடிவம்" வரும். ககிமஸ் என்றால் எழுதுகிறேன், அது கய்தெ ஆகும். யொமிமஸ் என்றால் படிக்கிறேன், அது யொந்தெ ஆகும். இகிமஸ் என்றால் போகிறேன், அது இத்தெ ஆகும். வினைகளை மூன்று கூட்டமாகப் பிரித்து விதி சொல்வார்கள். எனக்குத் தலை சுற்றியது. ஒரு வாரம் புத்தகத்தைத் தொடவில்லை. பிறகு ஒரு நாள் காய் நறுக்கும்போது தோன்றியது: இது நம் வினையெச்சம் அல்லவா? எழுதி, படித்து, போய், கேட்டு, நின்று. நம்முடையதும் ஒழுங்கில்லாததுதான், யாரும் நமக்கு விதி சொல்லித் தரவில்லை.

அதற்குப் பிறகு கதவு திறந்தது. தபெதெ என்றால் சாப்பிட்டு. "தபெதெ குதசய்", சாப்பிடுங்கள். இரண்டாம் பாகத்தில் 29, 30, 40-ஆம் பாடங்களில் வருவதைப் பாருங்கள். "தபெதெ ஷிமய்மஸ்", சாப்பிட்டுவிடுகிறேன். "கய்தெ ஒகிமஸ்", எழுதி வைக்கிறேன். "தபெதெ மிமஸ்", சாப்பிட்டுப் பார்க்கிறேன். மிமஸ் என்றால் தனியாகவும் பார்க்கிறேன்தான்! சாப்பாட்டை எதற்குப் பார்க்க வேண்டும் என்று ஆங்கிலம் பேசுகிறவர் கேட்பார். நாம் கேட்க மாட்டோம்.

கொடுப்பதற்கு அவர்களிடம் இரண்டு சொல். நான் அடுத்தவருக்குக் கொடுத்தால் அகெமஸ். எனக்கு ஒருவர் தந்தால் குரெமஸ். இதுவும் புதிதல்ல. தரு என்பது தன்மை, முன்னிலைக்கு, கொடு என்பது படர்க்கைக்கு என்று தொல்காப்பியமே பிரித்திருக்கிறது. நாம்தான் இப்போது கலந்து பேசுகிறோம்.

இதைக் கேட்டதும் "அப்படியானால் ஜப்பானியம் தமிழிலிருந்து வந்ததா?" என்று கேட்பீர்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர், 2008-இல் காலமானார், இரண்டுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. நமக்கு அந்த வழக்கு வேண்டாம். உறவோ இல்லையோ, வாக்கியம் கட்டும் முறை ஒத்துப்போகிறது. அது போதும்.

ஒத்துப்போகாத இடமும் உண்டு. "வீட்டில் இருக்கிறேன்", "வீட்டில் படிக்கிறேன்" இரண்டுக்கும் நமக்கு ஒரே இல். அவர்களுக்கு இருப்பதற்கு நி, செயல் நடக்கும் இடத்துக்கு தெ. இதில் நான் தப்பு செய்யாத நாளே இல்லை. எழுவாய்க்குப் பின் வரும் வ, க இரண்டுக்கும் நடுவே என்ன வித்தியாசம் என்பதற்கும் தமிழில் நேர் விடை கிடையாது. விதி தேடுவதை விட்டுவிட்டு, எடுத்துக்காட்டு வாக்கியங்களை அப்படியே மனப்பாடம் செய்தேன்.

நான் படித்த முறையும் நான் செய்த தப்பும்

காலை ஐந்தரை முதல் ஆறேகால் வரை என் நேரம். வாரத்துக்கு ஒரு பாடம் என்று கணக்குப் போட்டேன். நடைமுறையில் 25 பாடம் முடிக்கப் பதினோரு மாதம் ஆனது. கல்யாணம், காய்ச்சல், மழை எல்லாம் வரும் அல்லவா.

ஒவ்வொரு பாடத்திலும் ஒரே அமைப்பு இருக்கும். முதலில் வாக்கிய மாதிரிகள், பிறகு எடுத்துக்காட்டுகள், உரையாடல், ஏ, பி, சி என மூன்று பயிற்சி, கடைசியில் கேள்விகள். நான் முதலில் துணைநூலில் சொற்களைப் படிப்பேன். அது முடியாமல் பாடத்துக்குள் போக மாட்டேன். பிறகு இலக்கணக் குறிப்பு. பிறகு பயிற்சி பி-யை வாய்விட்டுச் சொல்லி, எழுதி, பின்னால் உள்ள விடையோடு ஒப்பிடுவேன்.

இதில் நான் செய்த பெரிய தப்பு, ஒலிப்பதிவைக் கேட்காமல் விட்டது. "படித்தால் புரிகிறதே, கேட்பது எதற்கு" என்று நினைத்தேன். கேட்டு எழுதும் கேள்விகளை எல்லாம் தாண்டிப் போனேன்.

டிசம்பரில் என்5 தேர்வு எழுதினேன். ஜே.எல்.பி.டி. என்று சொல்லும் இந்தத் தேர்வு 1984-இலிருந்து நடக்கிறது. 2010 முதல் ஐந்து நிலைகள். சென்னையிலும் மையம் உண்டு. எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். பேச்சுத் தேர்வு கிடையாது. மொத்தம் 180 மதிப்பெண், 80 வாங்கினால் தேர்ச்சி. நான் 97 வாங்கினேன். ஃபெயில்.

எப்படி? மொழியறிவும் வாசிப்பும் சேர்த்து 120-க்கு, அதில் குறைந்தது 38 வேண்டும். கேட்டல் 60-க்கு, அதில் குறைந்தது 19 வேண்டும். நான் கேட்டலில் 16. ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். "நாலு மணி" என்று காதில் விழுந்து, நாலுக்கு என்ன சொல் என்று யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. சுற்றிலும் கல்லூரிப் பிள்ளைகள் விறுவிறு என்று குறித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. பிறகு யோசித்தேன். அன்று இரவு நகோயாவில் நடந்ததும் இதுதானே? குழந்தை எழுதிக் காட்டவில்லை. வாயால் சொன்னான். கேட்கத் தெரியாமல்தான் டிரம்மைக் கொடுத்தேன். மொழியைப் படிக்கப் போனதே கேட்பதற்காக. அதையே விட்டுவிட்டுப் புத்தகத்தை மட்டும் படித்திருக்கிறேன்.

முதல் பாடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தேன். இந்த முறை காதால். ஒலிக்கோப்புகள் பதிப்பகத்தின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. காலை நடையில், சமையலில், துணி மடிக்கும்போது மில்லர் பேசிக்கொண்டே இருப்பார். அவர் பேசப் பேச, அரை விநாடி பின்னால் நானும் சேர்ந்து சொல்வேன். பார்க்கில் தனியாகப் பேசிக்கொண்டு நடக்கிறேன் என்று சிலர் கவலைப்பட்டது எனக்குத் தெரியும். காரணம் இதுதான்.

பயிற்சி சி-க்கு ஆள் வேண்டும். இரண்டு பேர் மாறி மாறிப் பேசுவது அது. அதற்குத்தான் ஏ-பிளாக் தம்பி. டிப்ளமோ முடித்துவிட்டு ஜப்பானில் வேலைக்கு முயன்றுகொண்டிருந்தார். ஞாயிறு மாலை நம் நூலக அறையில் உட்கார்ந்து, அவர் கடைக்காரர், நான் வாடிக்கையாளர், பிறகு நான் டாக்டர், அவர் நோயாளி. அடுத்த டிசம்பரில் நான் தேறினேன். கேட்டலில் 34.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

அந்தத் தம்பியிடம் ஒரு ஏஜென்ட், "என்5 இருந்தால் போதும், மூன்று மாதத்தில் ஜப்பானில் வேலை" என்று சொல்லி முன்பணம் கேட்டிருந்தார். அவர் வீட்டில் நகையை அடகு வைக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் உட்கார்ந்து விதிமுறையைப் படித்துப் பார்த்தோம். 2019 ஏப்ரலில் ஜப்பான் கொண்டுவந்த குறிப்பிட்ட திறன் தொழிலாளர் விசாவுக்கு என்4, அல்லது அதற்கு இணையான ஜே.எஃப்.டி. பேசிக் என்ற தேர்வு வேண்டும். அதோடு அந்தந்தத் தொழிலுக்கான திறன் தேர்வும் தேற வேண்டும். என்5 அதற்குப் போதாது. அலுவலக வேலை என்றால் பெரும்பாலும் அதைவிட மேல்நிலை கேட்பார்கள்.

அவர் பணம் கட்டவில்லை. இரண்டாம் பாகத்தை முடித்து என்4 எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறார். வேலை கிடைக்கும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் நகை பீரோவில் இருக்கிறது. உங்கள் பிள்ளை ஜப்பானியம் படிக்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். முதல் 25 பாடம் படிக்கப் பெரிய செலவு இல்லை. ஜப்பான் ஃபவுண்டேஷனின் "இரொதொரி" என்ற பாடநூல் ஒலிப்பதிவோடு இலவசமாகவே கிடைக்கிறது. சான்றிதழ் வருமுன் யாராவது பெரிய தொகை கேட்டால், என்ன விசா, அதற்கு என்ன தேர்வு என்று எழுத்தில் கேளுங்கள்.

புத்தகம் சொல்லித் தராதது

பத்துப் பாடம் முடித்த தெம்பில் ஒரு நாள் வீடியோ காலில் பேரனிடம், சாப்பாடு ஆயிற்றா என்று ஜப்பானியத்தில் கேட்டேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "பாட்டி டிவி நியூஸ் மாதிரி பேசுது" என்றானாம். விஷயம் என்னவென்றால், இந்தப் புத்தகத்தில் முதல் 19 பாடம் முழுக்க மரியாதை நடை. வீட்டில், நண்பர்களிடம் பேசுகிற சாதாரண நடை இருபதாம் பாடத்தில்தான் வரும். நாலு வயதுக் குழந்தையிடம் போய் "தாங்கள் உணவு உட்கொண்டீர்களா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? நமக்கும் எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் உண்டே. "பொம்பொன்" அந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. அதில் வயிற்றுக்கு "ஒனக" என்றுதான் இருக்கும். புத்தகம் வாசல் வரைதான் கொண்டுவந்து விடும். உள்ளே நாம்தான் போக வேண்டும்.

போன வருடம் மறுபடி நகோயா போனேன். பேரனுக்கு ஆறு ஆகப் போகிறது. அவன் ஹிரகானா எழுதப் பழகிக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தேன். கதகானாவில் ஷி, ட்சு இரண்டும் கோடு சாய்கிற திசையில்தான் மாறும். அதை நான் இன்னும் தப்பாகத்தான் எழுதுகிறேன் என்று அவன் சிவப்புப் பென்சிலால் திருத்தினான்.

ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல். மகள் வேலைக்குப் போயிருந்தாள். தெருமுனையில் இருக்கும் குழந்தை மருத்துவரிடம் நானே கூட்டிப்போனேன். உள்ளே போனதும் டாக்டர் கேட்டார்: "தோ ஷிமஷ்த க?" என்ன செய்கிறது என்று அர்த்தம். பதினேழாம் பாடத்தின் உரையாடலில் வருகிற அதே வாக்கியம். பார்க்கில் நூறு முறை கேட்டது. நேற்று இரவிலிருந்து காய்ச்சல், தொண்டை வலி என்று சொன்னேன். அவர் கடகடவென்று பதில் சொன்னார். பாதிதான் புரிந்தது. இன்னொரு முறை மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். மெதுவாகச் சொன்னார். மருந்து எப்போது, எத்தனை வேளை என்பது புரிந்தது. எனக்கு அது போதும்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் அவன், "இது தமிழில் என்ன?" என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தான். மரம், சைக்கிள், பூனை. அதுவரை அவனாகக் கேட்டதில்லை. பாட்டி தன் மொழியைப் படிக்கிறாள், நாமும் பாட்டி மொழியைக் கேட்போம் என்று நினைத்தானோ என்னவோ. போன மாதம் வீடியோ காலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தான். "பாட்டி, வயிறு இதய்" என்றான். பாதி தமிழ், பாதி ஜப்பானியம். என்ன சாப்பிட்டாய் என்று நான் இரண்டு மொழியிலும் கேட்டேன். ஐஸ்கிரீமாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நூலக அறையில் நானும் அந்தத் தம்பியும் இருப்போம். கட்டணம் எதுவும் இல்லை. ஒரு கோடுபோட்ட நோட்டும் பென்சிலும் கொண்டு வாருங்கள். முதல் வாரம் அ, இ, உ, எ, ஒ ஐந்து எழுத்து மட்டும். வயது வரம்பு கிடையாது. பயிற்சி சி-க்கு எங்களுக்கும் ஆள் தேவை.